நூற்றிருபது வாட்

மனிதகுலத்தின் பாதுகாப்பு இன்று இரும்புலியூரில், எங்கள் அடுக்ககத்தில் முழுமை பெறுகிறது என்கிறார் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன். டிவியில் பதினாறு கட்டங்கள். பத்தில்தான் படம் தெரிகிறது. கேமரா மாட்ட வந்த கீதா, எல்லா வயரும் வந்து சேரும், கேமராக்களுக்கு மின்சாரமும் தரும் ஸ்விட்ச் பெட்டியைத் திருப்பி அடியில் எழுதியிருப்பதைப் படிக்கிறாள். "ஒரு கேமராவுக்குப் பன்னெண்டு வாட் சார். இது மொத்தமே நூத்தியிருபதுதான் தரும்." "வயர் சொருகப் பதினாறு ஓட்டை இருக்கேம்மா, எண்ணித்தானே வாங்கினேன்!" "ஓட்டையை எண்ணினீங்க சார், வாட்டை எண்ணலையே." மூன்றாம் மாடி திரிபுரசுந்தரி மாமி இருண்டு கிடக்கும் பின்வாசல் கட்டத்தையே பார்க்கிறார். மறதி நோய் வந்த அவர் கணவர் அந்த வழியாகத்தான் வெளியே போய்விடுகிறார். "அதை மட்டுமாவது போடுங்களேன்." "வேற ஒண்ணைக் கழட்டினா போடலாம் மாமி" என்கிறாள் கீதா. செயலாளர் பத்துக் கட்டங்களையும் நிதானமாகப் பார்த்து, எல்லாமே முக்கியம் என்கிறார். பத்தாவது கட்டத்தில் அவர் பெயர் பொறித்த திறப்புவிழாக் கல்வெட்டு தெரிகிறது.