அசையாத இலக்கு

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் வள்ளத்தில் இராசேஸ்வரி, பரமலிங்கத்துக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தாள்.

முந்தாநாள் இதே பலகையில் இருந்து வெயிலைப் பற்றிப் பேசினான். நேற்றுக் காற்றைப் பற்றி. இரண்டு நாளும் கரை வந்ததும் முதல் ஆளாகக் குதித்துத் திரும்பிப் பாராமல் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

நாளை ஐரோப்பாவுக்கு, தன் ஆய்வுகூடத்துக்குப் போய்விடுவான். அடுத்த லீவுக்குள் அவள் வீட்டார் யாரையாவது பேசி முடித்துவிடுவார்கள்.

படித்த மனிதன், வாயைத் திறந்து கேட்டால் என்ன? ஓம் என்று சொல்ல அவள் ஆயத்தமாக இருந்தாள். சேலை மடிப்புக்கூட ஆயத்தமாகத்தான் இருந்தது.

கடைசியில் அவளே தொடங்கினாள்.

"அங்கை என்னதான் செய்யிறீங்கள்?"

அவன் முகம் மலர்ந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் கேட்கிறாள் அல்லவா?

"புரோத்தன் கற்றையைப் பேய் வேகத்திலை விடுறது. சில இடங்களிலை ரெண்டு கற்றையை எதிரெதிராய் விடுவினம். ஆனா கனக்கத் துணிக்கையள் ஒண்டையொண்டு தொடாமலே போயிடும். நாங்கள் அப்பிடியில்லை. வாற வழியிலை ஒரு உலோகத் துண்டை அசையாமல் வைச்சிடுவம். அதுதான் இலக்கு."

அவன் லீவில் வந்த நாள் முதல் ஊர்காவற்றுறை இறங்குதுறை வீதியில் இருவரும் எதிரெதிரே வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு விலகிப் போனதை அவள் நினைத்துக்கொண்டாள்.

"பாவம் அந்தத் துண்டு," என்றாள்.

"அதுக்கென்ன தெரியும்?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அதிகமாகவே.

வள்ளம் கரை தட்டியது. இன்று அவன் குதித்தோடவில்லை. இறங்கி நின்று அவளுக்குக் கை நீட்டினான்.

அவள் அசையவில்லை.

"ரீச்சர் எங்கை இறங்கிறது?" என்றார் வள்ளக்காரர் இளையதம்பி, கயிற்றைச் சுற்றியபடி. "மூண்டு நாளா என்னோடை வந்து, என்னோடையே திரும்பிப் போறா. வீடு சுருவிலிலை எல்லோ!"

ஊர்காவற்றுறையிலிருந்து சுருவிலுக்குத் தரைவழி. சைக்கிளிலேயே போய்விடலாம். கடலே குறுக்கே இல்லை.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவன் காது மடல் சிவந்தது.

பிறகு, இறங்கிய காலைத் திரும்ப வள்ளத்துக்குள் வைத்தான்.

"அண்ணை, நானும் திரும்பி வாறன்."

இராசேஸ்வரி நகர்ந்து, பலகையில் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.