ஒருவர் காரில் மற்றவர்

பழைய கார்ப் போட்டியில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு. சபாபதியின் பச்சை இங்கிலீஷ் காரும் தாவூதின் சிவப்பு இத்தாலியக் காரும் ஒரே வருடத்தில் பிறந்தவை. வழக்கப்படி ஒருவர் காரில் மற்றவர் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும்.

“நல்லா உக்காந்து பாருங்கண்ணே. கண்ணு மட்டும் வச்சிராதீங்க,” என்றார் தாவூது.

வயிற்றெரிச்சலோடு ஏறிய சபாபதி, ஒரு கீறலாவது அகப்படாதா என்று தேடினார். அகப்படவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அவருடைய பச்சைக் கார் வெயிலில் நின்றது. அதை இவ்வளவு அழகாக அவர் பார்த்ததே இல்லை. அதனுள்ளிருந்து தாவூது, தன் சிவப்புக் காரை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கில் இருவர் பெயரையும் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டார்கள். இருவரும் இறங்கவில்லை.