அறுபடாத நாலு இழை

செல்லத்தாயின் இடது பாதத்தில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் குனிய முடியாது. புருஷன் ஆண்டிச்சாமிதான் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கட்டிவந்தார். இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் முப்பது வருஷம் நின்ற மனுஷன். துணியைப் பல்லால்தான் கடித்து அறுப்பார். முன்பல் ஒன்று இல்லாததால் நுனியில் நாலு இழை அறுபடாமல் தொங்கும். கத்தரிக்கோலை எடுக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தை மாதம் செத்துப்போனார்.

அதற்குப் பிறகு கூட்டாளி பெத்தம்மாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து கட்டினாள். நாய் வெள்ளையன் செல்லத்தாயின் நல்ல காலில் தலைவைத்துக் கிடப்பான்.

“ஏட்டி, இந்தச் சனியன் என்னைய அசைய விடமாட்டேங்குது.”

“கதகதன்னு இருக்குல்ல, கெடக்கட்டும்” என்பாள் பெத்தம்மாள்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. செல்லத்தாய் கதவைத் தாழிட்டு, காலைத் தலையணையில் தூக்கிவைத்து, அவளை வைதபடியே கண்ணயர்ந்தாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சாவு, துட்டி கேக்க வந்தேன் செல்லம். இப்பத்தான் பஸ் ஏறுதேன். செத்த பொறு, வந்து கட்டிவிடுதேன்.”

செல்லத்தாய் காலைப் பார்த்தாள். புதுக்கட்டு. நுனியில் நாலு இழை தொங்கியது. எச்சில் ஈரம் காயவில்லை. கதவு தாழிட்டபடியே இருந்தது. வெள்ளையன் கட்டிலோரம் கிடந்த ஸ்டூலைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தான்.

“கத்தரிக்கோலு ஆணியிலதான தொங்குது!” என்று கத்தினாள். “எத்தன தடவ சொல்ல?”