தும்மல் மேசை

அந்தப் பழைய கட்டடத்தை ஹோட்டலாக்கியபோது, உத்தரத்திலிருந்த துருப்பிடித்த கொக்கியில் ஒரு புது சரவிளக்கை மாட்டினார்கள். விளக்குக்கு எதையும் துருவிக் கேட்காமல் இருப்புக்கொள்ளாது.

"அண்ணே, எனக்கு முன்னாடி இங்கே யாரு தொங்கினா?"

"ராணியோட ஊஞ்சல்," என்றது கொக்கி. "அப்போ இது அரண்மனை."

விளக்குக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. மின்விசிறியைப் போட்டால் போதும், கீழே மேசையில் உட்கார்ந்தவர்கள் தும்மித் தீர்த்தார்கள். வெறும் தயிர்சாதம் சாப்பிட்டவர்கூடத் தும்மினார்.

"அரண்மனையில ஏண்ணே இப்படித் தும்முறாங்க?"

சுவரிலிருந்த பல்லி கொக்கியைப் பார்த்துச் சிரித்தது.

"எந்த அரண்மனை? இது மிளகாய் மண்டி, தம்பி. மூட்டை நிறுக்கிற தராசுதான் இவர்கிட்ட தொங்குச்சு. உத்தரத்து இடுக்கெல்லாம் இன்னும் மிளகாய்த் தூசிதான்."

விளக்குக்கு வந்ததே கோபம்! அன்றிலிருந்து கொக்கியோடு பேச்சையே நிறுத்திவிட்டது.

மறுவாரம் எதிர்ச் சுவரில் ஒரு புதுக் கடிகாரத்தை மாட்டினார்கள். வந்ததும் வராததுமாக அது விளக்கிடம் கேட்டது:

"அக்கம்பக்கத்து மேசையெல்லாம் சும்மா இருக்கு. உங்களுக்குக் கீழே மட்டும் ஏன் தும்முறாங்க?"

விளக்கு கொக்கியை ஒருமுறை பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அதுவா? ராணி பூசின அத்தர் வாசம் இன்னும் போகல."