ஓடுபாதையின் அந்தக் கோடியில்

"நான் காலை எடுக்கிற இடத்துலதான் நீங்க காலை வைக்கணும். ஒரு சாண் கூடத் தள்ளக் கூடாது," என்றார் மிஃப்தா, திரும்பிப் பார்க்காமல்.

பர்க்காய் அந்தக் காலடித் தடத்திலேயே காலை வைத்தான். எதிரே ஐந்நூறு அடி தூரத்தில், பழைய ஓடுபாதையின் கோடியில், மூக்கை மணலில் புதைத்துக் கிடந்தது அந்தப் போர் விமானம். இந்த நாட்டைப் பிடிக்க வந்த லிபியப் படை தோற்று ஓடியபோது விட்டுப்போனது. சுற்றிலும் புதைத்த கண்ணிவெடிகளையும் அவர்கள் எடுத்துப் போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

விமானத்தைத் தூக்கிப் போக இதற்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பாதி வழியில் அழுதுகொண்டே திரும்பிவிட்டான். இன்னொருவனின் செருப்பு மட்டும் இன்னும் வெயிலில் காய்கிறது.

கடல் தாண்டி ஒரு பணக்காரருக்குப் பழைய போர் விமானங்கள் என்றால் பைத்தியமாம். அவருக்காக வந்திருப்பதாகச் சொன்னார் லிபியாக்காரர் மிஃப்தா. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். போகிற வழி நெடுக ஊர் ஆள் ஒருவன் வெள்ளைக் கல் வைத்துக்கொண்டே கூட வருவான்.

விமானத்துக்குப் பின்னால்தான் ஊர்க் கிணறு இருந்தது. அதை விட்டுவிட்டு, பெண்கள் அரை நாள் ஒட்டகத்தில் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். விமானம் வரை வழி கிடைத்தால் கிணற்றுக்குப் பாதி வழி கிடைத்த மாதிரி. அதனால்தான் கல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான் பர்க்காய்.

இந்த மனிதரைக் காலையிலிருந்தே அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் மனைவி கெல்லே ஊற்றிக் கொடுத்த டீயை வாங்கி, உதட்டில்கூட வைக்காமல் கீழே வைத்துவிட்டார். பேரீச்சம்பழமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

"நம்ம வீட்டு டீயை வேணாங்கிறது ரெண்டே ரகம்தான்," என்று கெல்லே அவர் காதில் விழும்படியே கணவனிடம் சொன்னாள். "ஒண்ணு, நம்ம வீட்டு ரத்தத்தைச் சிந்தினவன். இன்னொண்ணு, தன்னை சுல்தான்னு நெனைச்சுக்கிட்டுத் திரியறவன். வந்திருக்கறது சுல்தான்."

மிஃப்தா தலை நிமிரவே இல்லை. திமிர்தான், வேறென்ன.

இப்போது அந்தத் திமிர் பிடித்தவரின் முதுகை நம்பித்தான் பர்க்காயின் உயிர் இருந்தது. அவர் கையில் கம்பியும் இல்லை, கருவியும் இல்லை. தரையைக்கூடப் பார்க்கவில்லை. தூரத்து இரட்டைப் பாறையைப் பார்த்தபடி, உதடு முணுமுணுக்க நடந்தார். ஏழு அடி வைப்பார், நிற்பார். இடப்பக்கம் இரண்டு அடி. மறுபடி ஏழு.

"ஓதுறீங்களா ஹாஜி?"

"ம்."

"எனக்கும் சேர்த்து ஓதுங்க. எனக்கு நாலு பிள்ளைங்க." பயத்தில் பர்க்காய்க்குப் பேச்சு நிற்கவில்லை. "எங்க அண்ணன் தோகோய் இந்த மண்ணுலதான் போனான். ஒட்டகக்குட்டி ஓடிருச்சுன்னு பின்னாலயே ஓடினான். பொறுக்கி எடுக்கக்கூட எங்களால உள்ள வர முடியல."

மிஃப்தா சட்டென்று நின்றார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"அசையாதீங்க."

மெல்லக் காலைப் பின்னால் வைத்து, குனிந்து, விரல் நுனியால் மணலை ஒதுக்கினார். பச்சை நிறத்தில் ஒரு மூடியின் விளிம்பு தெரிந்தது.

"இது இங்க இருக்கக் கூடாதே," என்று முனகினார் மிஃப்தா. "காத்துல மணல் நகர்ந்து இதையும் இழுத்துட்டு வந்திருக்கு."

"எதுதான் ஹாஜி இங்க இருக்கணும்?"

மிஃப்தா அவனை அதைச் சுற்றிக் கொண்டுபோனார். கடைசிக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பர்க்காயின் கை விமானத்தின் இறக்கையைத் தொட்டது. கொதித்தது. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று சிரிப்பு வந்தது.

மிஃப்தா விமானத்துக்குள் ஏறினார். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"அளவெடுக்க வேணாமா? இந்த இறக்கையை எப்படிக் கழட்டப் போறீங்க?"

"அது கெடக்கட்டும். பணக்காரரும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இதுக்குத்தான் வந்தேன்."

டப்பாவுக்குள் இருந்த காகிதத்தை இறக்கையின் மேல் விரித்தார். ஓடுபாதை, இரட்டைப் பாறை, கிணறு எல்லாம் அதில் இருந்தன. நடுவில் வரிசை வரிசையாக மைப்புள்ளிகள். ஏழு அடி, இடப்பக்கம் இரண்டு, மறுபடி ஏழு. அவர்கள் நடந்து வந்த வழி அப்படியே இருந்தது. அங்கிருந்து கிணறு வரையிலும் வழி போயிற்று.

"எல்லா வெடியும் இதுல இருக்கு. நகர்ந்தது போக மீதியை இதை வெச்சே எடுத்துடலாம். ஊருக்குக் குடுங்க."

பர்க்காய்க்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வெட்கமில்லாமல் அழுதான். இரண்டு கையாலும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"காலையில உங்களை மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா ஹாஜி? வாங்க வீட்டுக்கு. கெல்லே கையால ஒண்ணு இல்ல, மூணு கிளாஸ் டீ. இன்னிக்கு வேணான்னு சொல்ல விடமாட்டேன்."

மிஃப்தா கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "உங்க அண்ணன் விழுந்த இடம் எது?"

பர்க்காய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் ஒரு முள்மரத்தைக் காட்டினான்.

மிஃப்தா காகிதத்தில் தேடி ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார். விரலை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

"உங்க வீட்டு டீயை நான் குடிக்கக் கூடாது, பர்க்காய்."