சத்தம் வராத கேமரா

“படம் எடுக்கையில சத்தம் வரக் கூடாது. வெளிச்சமும் அடிக்கக் கூடாது. எடுக்கது யாருக்கும் தெரியக் கூடாது” என்றார் வெயிலுமுத்து.

கோவில்பட்டியில் கேமரா கடை வைத்திருக்கும் சண்முகராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய விவசாயி, செருப்பில் கரிசல் மண். யாரைப் படம் எடுக்க என்று கேட்டதற்கு, ஒரு பொம்பளைப் பிள்ளையை என்று மட்டும் பதில் வந்தது.

சண்முகராஜுக்கு அது பிடிக்கவில்லை. போனிலேயே எடுக்கலாமே என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். தன் போனில் எதிரே நின்ற பஸ்ஸை இழுத்துப் பெரிசாக்கிக் காட்டினார். பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் கலங்கியது. தூரத்தில் இருக்கும் முகம் துலக்கமாகத் தெரிய வேண்டும் என்றார் வெயிலுமுத்து.

அலமாரியில் இரண்டு பழைய டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. ஒன்று வெகு தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தது, ஆனால் சட்டைப் பையில் போட்டால் துருத்திக்கொண்டு நின்றது. இன்னொன்று சீட்டுக்கட்டைவிட மெலிசு. அணைத்ததும் லென்ஸ் உள்ளே போய் மூடிக்கொண்டது. வெயிலுமுத்து மெலிசானதை எடுத்துக்கொண்டார்.

சண்முகராஜ் சத்தத்தையும் பிளாஷையும் நிறுத்திக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. யாரு அந்தப் பிள்ளை?”

“எம் பேத்தி. எம் மகளுக்குத் தெரியாம எடுக்கணும்.”

மகள் செல்வமாரி ஆறு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையன் மணிராஜைக் கட்டிக்கொண்டு கயத்தாறுக்குப் போய்விட்டாள். அவள் செத்துவிட்டாள் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னவர் வெயிலுமுத்து. நாலு வருடத்துக்கு முன் பிரசவத்துக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தபோதும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி சீனித்தாயையும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இப்போது சீனித்தாய்க்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

போன வாரம் விதை வாங்கக் கயத்தாறு போனவர், ஸ்கூல் வேன் வந்து நிற்கும் இடத்தில் மகளைப் பார்த்தார். நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போய்ப் பேசக் கால் எழவில்லை. வீட்டுக்கு வந்து, பேத்தியைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார்.

சீனித்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள்.

முதல் நாள் லாரி மறைவில் நின்று எடுத்ததில் டயர் மட்டும் விழுந்திருந்தது. இரண்டாம் நாள் கேமரா அசைந்து, எல்லாம் புகையாகப் போனது. பொத்தானைப் பாதி அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் வந்தபின் மூச்சை அடக்கி மீதியை அழுத்த வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் பிடிபட்டது.

அன்று கட்டிலில் உட்கார்ந்து சின்னத் திரையைச் சீனித்தாயின் முகத்தருகே பிடித்தார். “மூக்கப் பாத்தியா, அப்படியே உனக்குள்ளது” என்றார். ஆமாம் என்றாள் அவள். படத்தைப் பெரிசாக்கச் சொன்னாள். அவர் குழந்தையின் முகத்தைப் பெரிசாக்கினார். அங்கே இல்லை, மேலே என்றாள். மகளின் முகம் திரையை அடைத்தது.

“மெலிஞ்சு போயிட்டா” என்றாள் சீனித்தாய். “நாளைக்கும் போயிட்டு வாங்க. இன்னுங் கொஞ்சம் பக்கத்துல போயி எடுங்க.”

இருபது நாள் போனார். லாரி மறைவை விட்டு டீக்கடைக்கு, டீக்கடையை விட்டு மருந்துக்கடை வாசலுக்கு. ஒவ்வொரு நாளும், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் என்றுதான் அவள் சொன்னாள். பேத்தியின் கொலுசு, தூக்குவாளி, நடை என்று அவர்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்தோராம் நாள் சீனித்தாய்க்குத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வெயிலுமுத்து கேமராவை எடுக்காமலே பஸ் ஏறினார். வேன் கிளம்பிப் போனதும் ரோட்டைக் கடந்து நேராக மகளின் முன்னால் போய் நின்றார்.

செல்வமாரி நகரவில்லை. அம்மா இன்றைக்கோ நாளைக்கோ என்று இருப்பதைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். “எம் மேல உள்ள கோவத்த அவ மேல காட்டிராத. பிள்ளையையும் கூட்டிட்டு வா. ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிடட்டும்.”

“எந்தப் பிள்ளைய?”

“இப்ப வேன்ல ஏத்தி விட்டியே.”

அவள் வேன் போன திசையைப் பார்த்தாள். “அது பக்கத்து வீட்டு இந்துஜா. அவ அம்மா வெள்ளனத்துலயே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருதா. நாந்தான் ஏத்தி விடுதேன்.” அவரைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்குப் பொறந்தது அன்னைக்கே போயிருச்சு. அதுக்குப் பெறகு எதுவும் தங்கல.”

வெயிலுமுத்து ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாகப் போகிறவளின் கண்ணில் இத்தனை நாளாக யாரோ பெற்ற பிள்ளையைக் காட்டியிருக்கிறார். ஆசையைக் கிளப்பிவிட்டு இப்போது வெறுங்கையோடு போய் அவள் முன்னால் நிற்க வேண்டும்.

“இத உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

“அம்மாவுக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கு உங்களுக்குத் தெரியாம வந்து எம் பிள்ளையக் குளிப்பாட்டி அனுப்பி வச்சதே அவதான்.”