நாலு மணிக் கோளாறு

"ஏன் சார், கம்ப்யூட்டர் மேல கேஸ் போட முடியுமா?"

வக்கீல் அருணகிரி வாய்வரை கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். போளூர்க்காரரான அவர், வாரம் ஒருமுறை சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் வந்து உரக்கடை மாடியில் உட்காருவார். மலையில் இதுவரை அவரிடம் வந்ததெல்லாம் வரப்புத் தகராறும் புளியமரத் தகராறும்தான். இது புதுசு.

"கம்ப்யூட்டர் மேல முடியாதும்மா. அதுல ஓடுற சாஃப்ட்வேரை வித்த கம்பெனி மேல போடலாம். உக்காருங்க. யாரு நீங்க?"

"நான் கோகிலவாணி. இவ ரம்யா. சாமையும் தேனும் வாங்கி கீழ அனுப்புற சங்கத்து ஆபீஸ்ல வேலை செய்றோம். வர்ற மூட்டையெல்லாம் அந்த சாஃப்ட்வேர்லதான் ஏத்தணும்."

"அதால அக்காவுக்கு வேலையே போவப்போவுது சார்" என்றாள் ரம்யா.

"சும்மா இருடி. யாரும் அனுப்பல சார், நானேதான் விடணும் போலிருக்குது. எங்க ஊருக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. தினம் அதை விட்டுடறேன். பதினாலு கிலோமீட்டர். வூட்டுக்காரர் வண்டியில வந்து கூட்டிட்டுப் போறாரு. இந்த மாசத்தோட நின்னுடுன்னு நேத்து சொல்லிட்டாரு. பி.காம். முடிச்சு எட்டு வருஷம் வூட்டுல இருந்து கெடச்ச வேலை சார்."

"பஸ்ஸை விடறதுக்கும் சாஃப்ட்வேருக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"அதாலதான் சார் எல்லாம்!"

அருணகிரி நோட்டைத் திறந்தார். "அதுல இன்னா கோளாறு?"

"நாலு மணிக் கோளாறு. டாண்ணு நாலு அடிச்சா ஸ்கிரீன் அப்படியே நின்னுடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் வராது. மறுநாள் காலையிலதான் உசுரு வரும்."

"அடப்பாவமே. அதுக்கப்புறம் வர்ற மூட்டையைக் கையால எழுதி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடுது."

"அது இல்ல சார்..."

"இருங்க, எழுதிக்கிறேன்." கட்சிக்காரரைப் பேசவிடாமல் தானே கதையை முடிப்பது அருணகிரியின் வழக்கம். "எத்தினி நாளா இந்த அக்கிரமம்?"

"வாங்கினதுல இருந்தே அப்படித்தான். ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம்! கம்பெனிக்குச் சொன்னீங்களா?"

"மேனேஜர் பஞ்சாட்சரம் சார் மாசாமாசம் மெயில் போடுவாரு. போன்ல கத்துவாரு. எங்க ஆபீஸ்ல நல்லாத்தானே ஓடுதுன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க." வக்கீல் உற்சாகமாக நாற்காலியை முன்னே இழுத்தார். "இங்க பாருங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா, யாவாரத்துக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்லம்பான். நாம ஒப்பந்தத்தை மீறிட்டான்னு சிவில்ல போவோம். முதல்ல ஒரு நோட்டீஸ். வாங்கினது சங்கம். அதனால உங்க மேனேஜர் கையெழுத்து வேணும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர் போட மாட்டாரு சார்" என்றாள் கோகிலவாணி.

"ஏன்?"

"அவருக்கு இப்ப அந்த கம்பெனி மேல ஒரே பாசம்" என்றாள் ரம்யா. "போன வாரம் ரெண்டு பாட்டில் மலைத்தேன் பார்சல் அனுப்பினாருன்னா பாத்துக்குங்க!"

"ஆகா! விலைக்கு வாங்கிட்டான்!" அருணகிரி மேசையைத் தட்டினார். டீ தளும்பியது.

"சேச்சே! எங்க சார் யார்கிட்டயும் பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரு. அவரத் தவிர ஆபீஸ்ல ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். இதோ." கோகிலவாணி பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

வக்கீலுக்கு மனம் நிறைந்துவிட்டது. முப்பது வருடத் தொழிலில் ஏழு பேர் ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்ட தாள் அவர் மாடிப்படி ஏறி வந்ததே இல்லை.

"ஏழு பேரா? போதும்மா, முதல் நோட்டீஸுக்கு இது போதும். நஷ்ட ஈடு எவ்ளோ கேக்கலாம்?"

"காசே வாணாம் சார். என் வேலை நிலைச்சா போதும்."

"இந்த மனசு யாருக்கு வரும்!" அருணகிரி பேனாவைத் திறந்து, எழுத எழுத உரக்கப் படித்தார். "இந்த அறிவிப்பு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், மேற்படி மென்பொருளில் உள்ள கோளாறை முழுமையாகச் சரிசெய்து..."

கோகிலவாணி பதறிப்போய் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, அதத்தான் சரி பண்ணித் தொலைச்சிட்டாங்களே சார்! ரெண்டு வருஷமா, அது நின்னவுடனே 'போய்ட்டு காலையில வாங்கம்மா'ன்னு அனுப்பிக்கிட்டு இருந்த மேனேஜர், இப்ப பதினஞ்சு நாளா அஞ்சரை வரைக்கும் உக்கார வைக்கிறாரு. பழையபடி நாலு மணிக்கு நிக்கிற மாதிரி செஞ்சு தரச் சொல்லி எழுதுங்க!"